கை மட்டும் விறைக்க: நரம்பைத் தேடிப் போகும் ஊசி

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி கையைப் பற்றியவை. கவ்வாத்துக் கத்தி, தொழிற்சாலை ரோலர், புல் வெட்டும் மெஷின், மழையில் வழுக்கி விழுந்து ஊன்றிய மணிக்கட்டு என்று மலைநாட்டில் கை அடிபடும் வழிகள் நிறைய. முழு மயக்கம் கொடுக்காமல் கையை மட்டும் விறைக்க வைத்துச் செய்யும் ஒப்பரேஷனைப் பற்றி நோயாளிகளின் வீட்டாரும் கேட்டிருக்கிறார்கள், தியேட்டரில் வேலை செய்பவர்களும் கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் கலந்தே தருகிறோம். மருந்தளவும் ஊசி செல்லும் வழியும் பயிற்சி உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. மற்றவர்கள் நடப்பதைப் புரிந்துகொள்ள வாசிக்கலாம்.

அம்மாவின் வலது கை விரல்கள் இரண்டு ரோலரில் நசுங்கிவிட்டன. காயம் விரலில், ஊசியோ காறை எலும்புக்குப் பக்கத்தில் என்கிறார்கள். ஏன் அப்படி? முழு மயக்கம் கொடுத்தால் அம்மாவுக்குப் பயம் இல்லாமல் இருக்குமே?
— வாசகி, பொகவந்தலாவை

வலி மூளைக்குப் போகும் பாதையை இடையில் மறித்தால் விரலில் என்ன செய்தாலும் தெரியாது. கைக்கான நரம்புகள் கழுத்தின் 5ஆம் வேரிலிருந்து 8ஆம் வேர் வரையும், நெஞ்சின் முதலாம் வேரிலும் புறப்படுகின்றன. கழுத்தின் பக்கவாட்டில் ஒன்றோடொன்று பின்னி, காறை எலும்புக்கு அடியால் நுழைந்து, அக்குளுக்கு வந்து பிரிகின்றன. தியேட்டரில் ப்ரேக்கியல் ப்ளெக்ஸஸ் என்று சொல்வது இந்த நரம்புப் பின்னலைத்தான். இதைக் கழுத்தில் மறிக்கலாம், காறை எலும்புக்கு மேலேயோ கீழேயோ மறிக்கலாம், அக்குளிலும் மறிக்கலாம். தோள் ஒப்பரேஷனுக்குக் கழுத்து பொருந்தும். முன்கை, மணிக்கட்டு, விரல் என்றால் அக்குளே போதும். காறை எலும்புக்கு மேலே எல்லா நரம்பும் ஒரே கட்டாக நெருங்கி இருப்பதால் அங்கே போட்டால் சீக்கிரம் விறைக்கும், கையும் முழுதாக விறைக்கும். அம்மாவின் வைத்தியர் அதனால் அந்த இடத்தைத் தேர்ந்திருக்கலாம்.

முழு மயக்கத்தில் பெரிய பயம் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போவது. வேலை நேரத்தில் அடிபட்டு வருபவர்கள் பெரும்பாலும் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள். கையை மட்டும் விறைக்க வைத்தால் அம்மா தன் மூச்சைத் தானே விடுவார், இருமுவார், பேசுவார். ஆனாலும் அவசரம் இல்லாத ஒப்பரேஷன் என்றால் பட்டினி இருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் விறைப்பு சரியாகப் பிடிக்காவிட்டால் முழு மயக்கத்துக்கு மாற வேண்டி வரும். சாப்பாட்டுக்குப் பிறகு 6 மணித்தியாலம், தண்ணீருக்கு 2 மணித்தியாலம். பிளேன் டீ தண்ணீர்க் கணக்கில் சேரும், பால் கலந்த தேநீர் சாப்பாட்டுக் கணக்கில் சேரும். இது தெரியாமல் காலையில் ஒரு கோப்பை பால் டீ குடித்து ஒப்பரேஷன் தள்ளிப்போனவர்கள் பலர்.

பயத்துக்கு இலேசான மருந்து கொடுக்கலாம். பேச முடியாத அளவுக்குக் கொடுக்கக் கூடாது, ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: விறைப்பு ஊசிக்கு முன்னால் ஒவ்வொரு விரலிலும் உணர்வும் அசைவும் பார்த்து, கட்டில் டிக்கெட்டில் எழுதியாயிற்றா? நசுங்கிய கையிலும் வெட்டுப்பட்ட மணிக்கட்டிலும் நரம்பே அறுந்திருக்கலாம். முதலில் பார்த்து எழுதாமல் விறைக்க வைத்துவிட்டால், பிறகு உணர்வு வராதது கத்தியாலா ஊசியாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊசி போடும்போது விரல் நுனி வரை கரண்ட் பாய்ந்தது போல இருக்கும் என்கிறார்களே. பொறுத்துக்கொள்ள வேண்டுமா?
— வாசகர், ஹட்டன்

பொறுக்கக் கூடாது. அந்த நொடியே வாயைத் திறந்து சொல்லுங்கள். ஆனால் கையை உதறாதீர்கள்.

ஊசி போகும் வழியைத் திரையில் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வருவதற்கு முன்னைய காலத்தில் அந்தக் கரண்டையே வைத்தியர்கள் தேடினார்கள். ஊசி நரம்பைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதுவே சாட்சியாக இருந்தது. இன்று அது எச்சரிக்கை. மருந்து ஏறும்போது சுள்ளென்ற வலி கையில் ஓடினால் மருந்தை நிறுத்தி, ஊசியைச் சற்று வெளியே இழுக்க வேண்டும். மருந்து நரம்பைச் சுற்றி நிற்க வேண்டும். நரம்புக்குள் போனால், உள்ளே இருக்கும் மெல்லிய இழைகள் அழுத்தத்தில் சிதையும். நோயாளியை நன்றாகத் தூங்க வைத்துவிட்டு ஊசி போடுவதில் பெரியவர்களைப் பொறுத்தவரை எங்களுக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான். இலேசான பாரம், இறுக்கம், சூடு பரவுவது போன்ற உணர்ச்சி வழக்கமானவை.

மயக்க மருந்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அக்குளில் ப்ரோப் (ஸ்கேன் மெஷினில் தோல்மேல் வைக்கும் பகுதி) வைத்தால் நாடி மட்டும் தெரிகிறது. எது நரம்பு, எது தசைநாண், எது வெறும் நிழல் என்று குழம்புகிறேன். ஊசி முனையும் அடிக்கடி மறைந்துவிடுகிறது.
— வைத்திய உத்தியோகத்தர், ஆதார வைத்தியசாலை ஒன்றிலிருந்து

இந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் ஒதுக்குகிறோம், ஏனெனில் பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

முதலில் உங்கள் உடலை ஒழுங்குபடுத்துங்கள். கட்டில் உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். ஸ்கேன் திரை நோயாளிக்கு மறுபக்கம், உங்கள் கண், ஊசி, திரை மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்படி நிற்கட்டும். கழுத்தைத் திருப்பித் திருப்பித் திரையைப் பார்ப்பவர்களின் கை தானாக நகரும், முனை மறையும். மற்றக் கையில் கனுலா, ஈ.சீ.ஜீ., இரத்த அழுத்தம், ஒக்சிஜன் அளவு எல்லாம் பொருத்திய பிறகே ப்ரோப்பைத் தொடுங்கள். தோலுக்கு அல்ககோல் கலந்த குளோர்ஹெக்சிடீன் பூசினால் அது காயும் வரை காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போது குத்தினால் அது ஊசியோடு உள்ளே போகும், நரம்புக்கு ஆகாது.

கையை உடலிலிருந்து 90 பாகை விலக்கி, முழங்கையை மடித்து வையுங்கள். நேர்முக ப்ரோப், 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், ஆழம் 3 செ.மீ. அக்குளில் எவ்வளவு மேலே வைக்க முடியுமோ அவ்வளவு மேலே, கைக்குக் குறுக்காக வையுங்கள். துடிக்கும் கரு வட்டம் நாடி, இதயத்திலிருந்து இரத்தம் வரும் குழாய். பக்கத்தில் அழுத்தினால் சப்பையாகிவிடுபவை நாளங்கள், இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாய்கள். அழுத்தி, நாளங்கள் எங்கே என்று பார்த்துக்கொண்டு, மருந்து போடும்போது அழுத்தத்தைத் தளர்த்திவிடுங்கள். அழுத்தியபடியே போட்டால் சப்பையான நாளம் திரையில் இல்லாததுபோல இருக்கும், முனை அதற்குள் இருந்தாலும் தெரியாது. உறிஞ்சிப் பார்த்தாலும் இரத்தம் வராது. விறைப்பு மருந்து இரத்தத்தில் கலந்து நஞ்சாவதற்கு, அதாவது நஞ்சேற்றத்துக்கு, இது ஒரு நேர்வழி.

நாடியைச் சுற்றி மூன்று நரம்புகள். மீடியன், இருதலைத் தசைப் பக்கமாக, நாடிக்கு மேலே. அல்னர், முத்தலைத் தசைப் பக்கமாக, தோலுக்குக் கிட்ட, பெரும்பாலும் நாளத்தோடு ஒட்டியபடி. ரேடியல், நாடிக்குக் கீழே. ரேடியலில்தான் ஏமாற்றம் அதிகம். நாடிக்கு நேர் கீழே எப்போதும் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். இரத்தத்தினூடே ஒலியலை பலம் குறையாமல் போவதால் உண்டாகும் பொய்த் தோற்றம் அது. அதை ரேடியல் என்று எண்ணி மருந்து போட்டால் கைப்பின்புறம் விறைக்காது. நாடிக்குக் கீழே பளிச்சென்று சரிந்து ஓடும் தசைநாணைக் கண்டுபிடியுங்கள். லட்டிசிமஸ் டோர்சி, டெரஸ் மேஜர் இரண்டும் சேர்ந்த தசைநாண் அது. உண்மையான ரேடியல் அதன் மேல், நாடிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். தசைநாண் தெரியவில்லை என்றால் நீங்கள் கையில் கீழே இறங்கிவிட்டீர்கள், மேலே போங்கள்.

நாலாவதான மஸ்குலோகியூட்டேனியஸ் தனியாக, இருதலைத் தசைக்கும் கொரக்கோபிரேக்கியாலிஸ் தசைக்கும் நடுவில் கிடக்கும். ப்ரோப்பைக் கீழே நகர்த்த, நாடியை விட்டு விலகி, வட்டம் தட்டையாகி, பிறகு முக்கோணமாகிக்கொண்டு போகும். தசைக்குள் தேடியும் காணவில்லை என்றால் சிலரில் அது மீடியனோடு ஒட்டியே ஓடும், அங்கே பாருங்கள்.

சந்தேகம் வந்தால் நரம்பைப் பின்தொடர்வதே வழி. ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு ப்ரோப்பை முழங்கை வரை மெதுவாக இறக்குங்கள். அல்னர் முழங்கையின் உட்பக்க எலும்புக் குழிக்குப் போகும். மீடியன் நாடியோடு முழங்கை மடிப்புக்கு வரும். ரேடியல் மேற்கை எலும்பின் பின்னால் சுற்றும். தசைநாண் என்றால் போகப் போகத் தசையாகிவிடும், நரம்பு நரம்பாகவே இருக்கும். நிணநீர் முடிச்சு என்றால் ஒரு செ.மீ. நகர்த்தியதும் காணாமல் போகும். ப்ரோப்பை முன்னும் பின்னும் இரண்டு மூன்று பாகை சாய்த்துப் பாருங்கள். ஒலியலை செங்குத்தாகப் படும்போதுதான் நரம்பு பளிச்சென்று தெரியும், கொஞ்சம் சாய்ந்தாலே மங்கும். தசைநாண் இன்னும் வேகமாக மங்கும்.

இனி முனை. நரம்பைக் கண்டுபிடிப்பதை விட முனையைக் காண்பதே பெரிய வேலை என்பது எங்கள் உறுதியான எண்ணம். நரம்பு ஓடிப்போவதில்லை, முனைதான் ஓடுகிறது. ஒலியலைத் தகடு ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்புத்தான். ஊசி அதை விட்டுச் சற்றே விலகினால் நீங்கள் திரையில் பார்ப்பது ஊசியின் நடுத்தண்டாக இருக்கும், முனை அதைத் தாண்டி எங்கோ இருக்கும். 22 கேஜ், 50 மி.மீ., மொட்டை முனையுள்ள நரம்பு ஊசியைப் பயன்படுத்துங்கள். ப்ரோப்பின் ஓரத்திலிருந்து, அதன் நீளப்போக்கில், முடிந்தவரை தட்டையாக நுழையுங்கள். சரிவு 45 பாகையைத் தாண்டினால் ஊசி மங்கிவிடும். முனை மறைந்த கணமே ஊசியை நிறுத்துங்கள். திரையை விட்டு உங்கள் கைகளைப் பாருங்கள். ப்ரோப்பும் ஊசியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் ப்ரோப்பை மட்டும் நகர்த்துங்கள். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் அசைத்துத் தேடினால் கிடைக்காது. இன்னும் தெரியாவிட்டால் அரை மி.லீ. சேலைன் விட்டுப் பாருங்கள், கருமை எங்கே விரிகிறதோ அங்கேதான் முனை.

மருந்தை ஆழத்தில் இருக்கும் ரேடியலில் தொடங்குங்கள். மேலே உள்ள நரம்புகளுக்கு முதலில் போட்டால் எல்லாம் கீழே தள்ளப்படும், சிறு காற்றுக் குமிழ்கள் அடியில் உள்ளதை மறைத்துவிடும். ஒவ்வொரு நரம்புக்கும் 5 மி.லீ. அளவில், 3 மி.லீ.க்கு ஒருமுறை உறிஞ்சிப் பார்த்து, நிதானமாக. ஒவ்வொரு முறையும் கருமை நரம்பைச் சுற்றிப் படருகிறதா என்று பாருங்கள். உறிஞ்சலில் இரத்தம் இல்லை, ஆனால் திரையிலும் ஒன்றும் விரியவில்லை என்றால் மருந்து இரத்தக் குழாய்க்குள் போகக்கூடும், உடனே நிறுத்துங்கள். நரம்பே உப்பினால், அல்லது சிரிஞ்ச் தள்ள முடியாமல் இறுகினால், அதுவும் நிறுத்த வேண்டிய இடம்.

எங்கள் தியேட்டரில் பழைய நேர்வ் ஸ்டிமுலேட்டர் ஒன்று இருக்கிறது. ஸ்கேன் வந்த பிறகு அதை ஒதுக்கிவிடலாமா?
— தாதி உத்தியோகத்தர், நுவரெலியா

ஒதுக்க வேண்டாம். ஊசி வழியாகச் சிறு மின்னோட்டம் விட்டு, எந்தத் தசை துடிக்கிறது என்று பார்த்து நரம்பைக் கண்டுபிடிக்கும் மெஷின் அது. ஸ்கேன் பழுதாகும் நாள் வரும்.

கறுப்பு, அதாவது எதிர்முனை, ஊசிக்கு. சிவப்பு, நேர்முனை, ஈ.சீ.ஜீ. ஸ்டிக்கர் வழியாக நோயாளியின் தோலுக்கு. மாற்றிப் பொருத்தினால் துடிப்பு வர அதிக மின்னோட்டம் தேவைப்படும், தேடுபவர் ஊசியை வீணாக ஆழத்துக்குக் கொண்டுபோவார். தொடக்கம் 1 மில்லிஅம்பியர், விநாடிக்கு 2 துடிப்பு, துடிப்பின் நீளம் 0.1 மில்லிவிநாடி. தசைத் துடிப்புக் கிடைத்ததும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 0.3 முதல் 0.5 மில்லிஅம்பியர் வரையில் துடிப்பு மறைந்தால் இடம் சரி. 0.2 இலும் துடித்தால் முனை நரம்புக்குள் இருக்கலாம், மருந்து போடாமல் பின்னால் இழுக்க வேண்டும்.

எந்தத் துடிப்பு எந்த நரம்பு என்பதை மனதில் வைத்திருங்கள். முழங்கை மடங்கினால் மஸ்குலோகியூட்டேனியஸ். உள்ளங்கை கீழ் நோக்கித் திரும்பி, மணிக்கட்டும் முதல் விரல்களும் மடங்கினால் மீடியன். சுண்டுவிரல் மடங்கி, பெருவிரல் உள்ளே இழுத்தால் அல்னர். மணிக்கட்டு மேலே தூக்கினால் ரேடியல். கழுத்தில் தேடும்போது விக்கல் போல வயிறு துள்ளினால் ஊசி அதிகம் முன்னால் போய் உதரவிதான நரம்பைத் தொட்டிருக்கிறது. தோள்பட்டை பின்னால் இழுத்தால் அதிகம் பின்னால் போயிருக்கிறது.

முதல் 1 மி.லீ. போட்டதும் துடிப்பு மறைவது மருந்து வேலை செய்ததால் இல்லை. உப்புள்ள திரவம் மின்னோட்டத்தைச் சிதறடிக்கிறது. 5 வீத டெக்ஸ்ட்ரோஸ் விட்டால் துடிப்பு மறையாது.

இந்த மெஷினின் குறையையும் அறிந்திருக்க வேண்டும். முனை நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தும் துடிப்பு வராத நேரங்கள் உண்டு, நீண்டகால நீரிழிவு உள்ளவரில் இன்னும் அதிகம். தசை தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் துடிப்பே வராது. எலும்பு முறிந்த கையில் ஒவ்வொரு துடிப்பும் முறிவை அசைத்து வலிக்கும். ஸ்கேனோடு சேர்த்து வைப்பதுதான் இதற்கு இன்று ஏற்ற இடம்: மின்னோட்டத்தை 0.5 இல் வைத்துவிட்டு, எதிர்பாராமல் துடித்தால் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று எடுத்துக்கொள்வது.

தம்பிக்கு மணிக்கட்டில் ப்ளேட் வைத்தபோது கை முழுவதும் விறைத்தும் சுண்டுவிரல் பக்கம் மட்டும் வலித்ததாம். காறை எலும்புக்கு மேலேதான் போட்டார்கள். ஏன்?
— வாசகர், பண்டாரவளை

அந்த இடத்தில் நரம்புகள் திராட்சைக் குலை போல நாடியின் பக்கத்தில் கூட்டமாகத் தெரியும். சுண்டுவிரலுக்குப் போகும் கீழ்த்தண்டு மட்டும் முதலாம் விலா எலும்புக்கும் நாடிக்கும் இடைப்பட்ட மூலையில் ஒளிந்திருக்கும். மேலே மட்டும் மருந்து போட்டால் அது தப்பிவிடும். மூலை வரை முனையைக் கொண்டுபோவதில்தான் சிரமம், ஏனெனில் விலா எலும்பின் ஓரத்தைத் தாண்டினால் நுரையீரலின் உறை. விலா எலும்பு வெள்ளைக் கோடு, அதன் பின்னால் முழு இருட்டு. உறையும் வெள்ளைக் கோடுதான், ஆனால் மூச்சுக்கு மூச்சு வழுக்கும், பின்னால் மினுங்கும். இரண்டையும் பிரித்தறியாமல் அங்கே ஊசியை நகர்த்தக் கூடாது. பின்னலின் நடுவால் சிறு நாடிகள் ஓடுவதும் உண்டு, கலர் டொப்ளர் போட்டுப் பார்த்துவிட்டே குத்த வேண்டும்.

அப்படித் தப்பிய நரம்பைக் கழுத்துக்குத் திரும்பிப் போகாமல் முன்கையின் நடுவில் பிடிக்கலாம். அங்கே அல்னர் நரம்பு அல்னர் நாடியோடு ஒட்டி ஓடும், அதற்கு 4, 5 மி.லீ. போதும். கத்தி வைப்பதற்கு முன்னால், ஊசி போட்டு 20 நிமிடத்தில், நான்கையும் சோதிப்பது அதற்காகத்தான்: முழங்கையை நீட்டச் சொல்லுங்கள் (ரேடியல்), மடக்கச் சொல்லுங்கள் (மஸ்குலோகியூட்டேனியஸ்), சுட்டுவிரல் அடியில் கிள்ளுங்கள் (மீடியன்), சுண்டுவிரலில் கிள்ளுங்கள் (அல்னர்). மேற்கையின் உட்பக்கத் தோல் முழுதும் இந்தப் பின்னலைச் சேர்ந்தது இல்லை. நெஞ்சின் 2ஆம் நரம்பும் அங்கே வருகிறது. டூர்னிக்கே (இரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டி) கட்டும் இடம் வலித்தால், அக்குள் ஓரமாகத் தோலடியில் 5 மி.லீ. பரப்பிவிட வேண்டும். நீண்ட நேரம் கட்டியிருந்தால் அதன் பிறகும் அழுத்த வலி வரலாம்.

அப்பாவுக்கு நீண்ட நாள் மூச்சு முட்டல், பம்ப் பாவிக்கிறார். விரல் ஒப்பரேஷனுக்கு இந்த ஊசி ஆபத்தா?
— வாசகி, ஹப்புத்தளை

அக்குளில் போட்டால் மூச்சுக்குப் பாதிப்பு இல்லை, முழு மயக்கத்தை விட அவருக்கு அதுவே நல்லது. கழுத்தில் போடும் ஊசியைத்தான் தவிர்க்க வேண்டும். வழக்கமான 20 மி.லீ. அளவில் அங்கே போட்டால் அந்தப் பக்க உதரவிதானம் ஏறக்குறைய எல்லோரிலும் சில மணித்தியாலம் செயலிழக்கும். நல்ல நுரையீரல் உள்ளவர் அதை உணரவே மாட்டார், அப்பா தாங்கமாட்டார். காறை எலும்புக்கு மேலேயும் இது கணிசமானவர்களில் நடக்கிறது. காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும் ஆபத்தும் அங்கே சிறிதளவு உண்டு. அது உடனே தெரியாமல் சில மணித்தியாலம் கழித்து நெஞ்சுக்குத்தலாகவும் இருமலாகவும் வெளிப்படலாம். பம்பைத் தியேட்டருக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

42 கிலோ எடையுள்ள பெண். அக்குள் ஊசிக்கு எவ்வளவு மருந்து? அளவு மீறினால் என்ன செய்வது?
— தியேட்டர் தாதி, பதுளை

எடை பார்க்காமல் 'பெரியவருக்கு 30 மி.லீ.' என்று வரைவது தோட்டப்புறப் பெண்களில் ஆபத்து, அவர்களில் பலர் 45 கிலோவைத் தாண்டுவதில்லை. உங்கள் நோயாளியையே எடுத்துக்கொள்வோம்.

நீண்ட நேரம் விறைக்க வைக்கும் மருந்தான பியூப்பிவக்கெயினுக்கு எல்லை கிலோவுக்கு 2 மி.கி. 42 கிலோவுக்கு 84 மி.கி. 0.5 வீத மருந்தில் மி.லீ.க்கு 5 மி.கி., ஆகவே 16 மி.லீ.யோடு எல்லை முடிந்தது. அக்குளில் நான்கு நரம்புக்கும் 20 மி.லீ. வேண்டும். 15 மி.லீ. மருந்தோடு 5 மி.லீ. சேலைன் சேர்த்தால் 20 மி.லீ., மொத்தம் 75 மி.கி., 0.375 வீதம். விறைப்புக்கு இது போதும். குறைந்த நேரம் விறைக்க வைக்கும் லிக்னோகெயின் என்றால் தனியாக கிலோவுக்கு 3 மி.கி., அட்ரினலினோடு 7 மி.கி. இரண்டு மருந்தைக் கலந்தால் எல்லையும் இரண்டு மடங்காகாது. ஒன்றில் பாதி எடுத்தால் மற்றதில் பாதிதான் மிச்சம். அறுவை வைத்தியர் தையலின்போது தோலில் போடும் மருந்தும் இதே கணக்கில் சேரும், அவரிடம் மிச்ச அளவை உரக்கச் சொல்லுங்கள். 1:200,000 அட்ரினலின் தயாரிக்க, ஆயிரத்தில் ஒன்று உள்ள அம்பூலிலிருந்து 0.1 மி.லீ.யை 1 மி.லீ. சிரிஞ்சில் அளந்து 20 மி.லீ.யில் சேர்க்க வேண்டும். பெரிய சிரிஞ்சில் கண்ணளவாக எடுத்தால் பத்து மடங்கு பிழை சுலபம்.

நஞ்சேறினால் வாயைச் சுற்றி விறைப்பு, நாக்கில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல், பதற்றம் அல்லது சம்பந்தமில்லாத பேச்சு, பிறகு வலிப்பு, இதயத் துடிப்புக் குழப்பம். பியூப்பிவக்கெயினில் வலிப்பே வராமல் நேரே இதயம் நிற்கலாம். ஊசியை நிறுத்தி, உதவி கூப்பிட்டு, ஒக்சிஜன் கொடுத்து, வலிப்பை அடக்கி, 20 வீதக் கொழுப்புக் கரைசல் கிலோவுக்கு 1.5 மி.லீ. உடனே ஏற்ற வேண்டும். இவருக்கு 63 மி.லீ. தொடர்ந்து மணித்தியாலத்துக்கு கிலோவுக்கு 15 மி.லீ., அதாவது 630 மி.லீ. வேகத்தில். மொத்தம் கிலோவுக்கு 12 மி.லீ.யைத் தாண்டக் கூடாது, ஆகவே இவருக்கு 500 மி.லீ. போத்தல் ஒன்றே எல்லை. இதயம் நின்றால் அட்ரினலினைச் சிறு அளவில், கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் போகாமல் கொடுங்கள், நெஞ்சு அழுத்தலை ஒரு மணித்தியாலம் தாண்டினாலும் கைவிடாதீர்கள். புரோப்போஃபோலும் வெள்ளையாக இருக்கிறதே என்று அதைப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. கொழுப்புக் கரைசல் மருந்துக் களஞ்சியத்தில் பூட்டிக்கிடந்தால் பயனில்லை. ஊசி போடும் அறையிலேயே, கிலோக் கணக்கு எழுதிய தாளோடு இருக்க வேண்டும்.

ஸ்கேனும் இல்லை, ஸ்டிமுலேட்டரும் இல்லை. கவ்வாத்துக் கத்தியால் உள்ளங்கையில் வெட்டுப்பட்டு வருபவரை விறைக்க வைக்க வழி உண்டா?
— வைத்தியர், மஸ்கெலியா

மணிக்கட்டில் போடலாம். 1 வீத லிக்னோகெயின் 12 மி.லீ. எடுத்துக்கொண்டால் 120 மி.கி., 40 கிலோ ஆளுக்கும் எல்லைக்குள் நிற்கும்.

மீடியனுக்கு: பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கச் சொன்னால் நடுவில் ஒரு தசைநாண் துருத்தும், அது பல்மாரிஸ் லோங்கஸ். அதன் பெருவிரல் பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், மணிக்கட்டு மடிப்புக்கு 2, 3 செ.மீ. மேலே, 3 மி.லீ. சிலருக்குப் பல்மாரிஸ் இருக்காது, அப்போது பெருவிரல் பக்கத் தசைநாணின் உள் ஓரத்தைப் பிடியுங்கள். ஊசியை எடுக்கும் வழியில் தோலடியில் 1 மி.லீ. விடுங்கள், உள்ளங்கைத் தோலுக்குப் போகும் கிளை மேலேயே பிரிந்துவிடுகிறது. உள்ளங்கைக் காயம் வலிப்பதாக வரும் முறைப்பாடுகளுக்கு இந்த 1 மி.லீ. மறந்ததே பெரும்பாலும் காரணம்.

அல்னருக்கு: சுண்டுவிரல் பக்கம் உள்ள தசைநாணின் அடியில், பக்கவாட்டிலிருந்து, அரை முதல் 1 செ.மீ. ஆழத்தில் 3 மி.லீ. நாடி நரம்பின் பெருவிரல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, உறிஞ்சிப் பாருங்கள். இன்னொரு 1 மி.லீ.யை மணிக்கட்டின் பின்புறம் நோக்கித் தோலடியில். ரேடியலுக்கு ஒரு தனி நரம்பைத் தேட வேண்டாம், பெருவிரல் பக்க எலும்பு முனையின் மேல் தோலடியில் 4 மி.லீ.யைப் பட்டையாகப் பரப்புங்கள்.

விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருப்பதால் நோயாளியால் விரலை அசைக்க முடியும். தசைநாண் தையலில் இது வரம்: தைத்ததும் மடக்கச் சொல்லிப் பார்க்கலாம். மேற்கையில் டூர்னிக்கே கட்டினால் 15, 20 நிமிடத்துக்கு மேல் பொறுப்பது கடினம். நல்ல இரத்த ஓட்டம் உள்ள விரலில் 1:100,000 அட்ரினலின் கலந்து போட்டு, இரத்தம் அடங்க 25 நிமிடம் வரை காத்திருந்து, டூர்னிக்கே இல்லாமலே செய்வது இப்போது பரவியிருக்கும் முறை. ரோலரில் நசுங்கிய விரலிலும், ஏற்கெனவே இரத்த ஓட்டம் குறைந்த விரலிலும் அட்ரினலின் வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், கை இன்னும் மரக்கட்டையாகக் கிடக்கிறது. எவ்வளவு நேரம்?
— வாசகர், தலவாக்கலை

பியூப்பிவக்கெயின் என்றால் 12 முதல் 18 மணித்தியாலம் சாதாரணம், சிலருக்கு ஒரு நாள் முழுதும். அதுவரை தூளி கட்டி வையுங்கள், தொங்க விட்டால் தோளும் இழுபடும், கையும் வீங்கும். இரவில் உடம்புக்கு அடியில் போகாமல் தலையணையில் உயர்த்தி வையுங்கள். குளிருக்கு அடுப்படியில் குந்தும் வழக்கம் இருந்தால் அந்தக் கையை அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம், சூட்டுத் தண்ணீர்ப் போத்தலும் வேண்டாம். சுட்டுக் கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். வலி மாத்திரையை வலி வந்த பிறகு என்று தள்ளிப்போடாமல், விரலில் ஊர்வது போன்ற உணர்வு தொடங்கும்போதே போடுங்கள். விறைப்பு விலகும்போது வலி ஒரேயடியாக ஏறும்.

24 மணித்தியாலம் கடந்தும் உணர்வு வரவில்லை என்றால் ஒப்பரேஷன் செய்த வைத்தியசாலைக்கு அறிவியுங்கள். பெரும்பாலான மரமரப்பு சில வாரங்களில் தானாகப் போகும், நிரந்தர நரம்புப் பாதிப்பு மிக அரிது. ஆனால் விரல்கள் கறுத்து அல்லது வெளிறி, கட்டுக்குள் கை இறுகி, விரலை நீட்டினாலே உயிர் போகும் வலி என்றால் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். தசைக்குள் அழுத்தம் ஏறிச் சதை சாகும் நிலை அது. விறைப்பு அதன் வலியை மறைக்கக் கூடும் என்பதால், மோசமாக நசுங்கிய முன்கைகளுக்கு நீண்ட நேர மருந்து போடுவதில் நாங்கள் தயங்குவோம். அறுவை வைத்தியரோடு பேசிக் குறைந்த நேர மருந்தைத் தேர்வதே சரி.

இரத்தம் இளக்கும் மாத்திரை எடுக்கிறேன். நிறுத்த வேண்டுமா?
— வாசகர், கம்பளை

நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்துக்கு அது தேவை. மாத்திரைப் பெட்டியையே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அக்குளில் இரத்தம் கசிந்தால் விரலால் அழுத்தி நிறுத்தலாம், ஆகவே பலருக்கு அந்த ஊசியை மாத்திரையோடே போட முடியும். காறை எலும்புக்குக் கீழே ஆழத்தில் போடும் ஊசிக்கு அந்த வசதி கிடையாது.

ஊசிக்கு முன் எந்தக் கை என்று நாலு பேர் நாலு தடவை கேட்டார்கள். இதுகூடத் தெரியாதா?
— வாசகி, நானுஓயா

தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்து, துணி மூடி, ஸ்கேன் மெஷினை மறுபக்கம் தள்ளிய பிறகு இடது வலது மாறிவிடுவது உலகெங்கும் நடந்திருக்கிறது. கடைசிக் கேள்வி ஊசி தோலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வர வேண்டும். அப்போது வாயால் சொல்வதோடு, வைத்தியர் பேனையால் போட்ட அடையாளத்தையும் காட்டுங்கள். அடையாளம் இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.